நஞ்சு வைத்தது யார்?

மாரி மழை ஓய்ந்து இரண்டாம் நாள். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு அக்கா கையில் ஒரு சாக்கோடு கிணற்றடியில் நின்றிருந்தார். சாக்குக்குள் நாய்க்குட்டி. அது மூன்றாவது. முதல் நாள் சோற்றை முகர்ந்துவிட்டு விலகியது. அன்றிரவே சத்தி எடுத்தது. விடிந்தபோது தண்ணீராக வயிற்றோட்டம், மாலைக்குள் அதில் இரத்தம். ஒரே கிழமைக்குள் மூன்றும் இப்படியே போய்விட்டன. "நஞ்சு வைத்துவிட்டார்கள் தம்பி" என்றார் அக்கா. யார் என்று சொல்லவில்லை. கண் மட்டும் பக்கத்து வளவின் புதுத் தகர வேலிக்குப் போய்த் திரும்பியது. அந்த வேலி ஒரு முழம் இந்தப் பக்கம் தள்ளிப் போடப்பட்டது என்று இரண்டு வருடமாகத் தகராறு.

நஞ்சு என்றால் முதலில் செத்திருக்க வேண்டியது தாய் நாய். பால் கொடுத்து எலும்பும் தோலுமாக நிற்கும் அது, எறிந்த எதையும் குட்டிகளுக்கு விடாமல் பாய்ந்து விழுங்கும். அது நலமாக வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. செத்தவை எல்லாம் இரண்டு மாதக் குட்டிகள். ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வரிசையில் அடையாளங்கள். வளவு முழுக்க, ஒருமுறை மோந்தால் மறக்க முடியாத, இரத்தமும் அழுகலும் கலந்த ஒரு நெடி. இத்தனையும் சேர்ந்தால் கால்நடை வைத்தியர்களின் நினைவுக்கு முதலில் வரும் பெயர் பார்வோ வைரஸ். ஆனால் நம்மூரில் அது பெரும்பாலும் "நஞ்சு" என்ற பெயரில்தான் புதைக்கப்படுகிறது.

நாய் பூனை நோய்களில் நாம் தோற்பது மருந்து இல்லாமையால் மட்டுமல்ல. பெயரைப் பிழையாக வைப்பதால்தான் அதிகம் தோற்கிறோம். பார்வோவை நஞ்சு என்கிறோம். டிஸ்டெம்பர் என்ற நாய்களின் இன்னொரு வைரஸ் நோயை விசர் (ரேபிஸ்) என்கிறோம். உண்மையான விசர் வரும்போது தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்கிறோம். குட்டியின் குடலில் புழு இரத்தம் குடித்துக்கொண்டிருக்க, "சாப்பாடு உடம்பில் ஒட்டவில்லை" என்கிறோம். பெயர் பிழைத்தால் தேடும் இடமும் பிழைத்துவிடுகிறது. அக்கா வேலிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க வேண்டிய இடம் அவருடைய காலடி மண்.

பார்வோ என்ற சொல்லுக்கு இலத்தீனில் சிறியது என்று பொருள். ஒரு மில்லிமீட்டரை நாற்பதாயிரம் துண்டாக்கினால் ஒரு துண்டின் அளவுதான் இந்த வைரஸ். 1978இல்தான் இது நாய்களின் புது நோயாக அடையாளம் காணப்பட்டது. இரண்டே வருடத்தில் உலகம் முழுவதும் பரவிவிட்டது. அதற்கு முன்பு பூனைகளிடம் இதன் நெருங்கிய உறவு ஒன்று இருந்தது. பூனைகளில் வெள்ளை அணுக்களை அழிக்கும் பான்லூக்கோபீனியா என்ற நோயின் வைரஸ் அது. அந்தக் குடும்பத்திலிருந்துதான் நாய்க்கான வைரஸ் பிரிந்து வந்தது. எண்ணிப் பார்த்தால், நம் தாத்தா காலத்து நாய்களுக்கு இந்த நோய் தெரியவே தெரியாது. "அந்தக் காலத்தில் எந்த ஊசி போட்டோம், நாய்கள் வாழவில்லையா?" என்று கேட்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் பதில் இதுதான்.

உடம்பில் எங்கெல்லாம் கலங்கள் வேகமாகப் பெருகுகின்றனவோ அங்கே போய் உட்காருவது பார்வோவின் குணம். குட்டிகளில் அப்படியான இடங்கள் இரண்டு. ஒன்று குடலின் உட்சுவர். அது நாளும் உரிந்து நாளும் புதிதாக வளர்வது. மற்றது எலும்பு மச்சை. வெள்ளை அணுக்கள் பிறக்குமிடம். ஒரே நேரத்தில் குடல் புண்ணாகிக் கிருமிகள் இரத்தத்துக்குள் நுழைய வழி திறக்கிறது. அவற்றை எதிர்க்க வேண்டிய படையும் கலைந்துவிடுகிறது. வைரஸ் நேரடியாகக் கொல்வதைவிட நீரிழப்பும் இந்தக் கிருமித் தொற்றுமே குட்டியைக் கொண்டுபோகின்றன. ஆகவே நரம்பில் சேலைன் ஏற்றி, சத்தியை நிறுத்தி, கிருமி எதிர்ப்பு மருந்து கொடுத்து நாலைந்து நாள் தாங்கிப் பிடித்தால் பெரும்பான்மையான குட்டிகள் பிழைக்கின்றன. வீட்டில் விட்டால் பெரும்பான்மை சாகின்றன. கரண்டியால் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச் சீனித் தூள்) கரைத்து ஊற்றுவது, சத்தி எடுக்கும் குட்டிக்கு உள்ளே நிற்காது. போன வேகத்தில் வெளியே வரும். முதல் சத்தியிலிருந்து எத்தனை மணித்தியாலத்தில் வைத்தியரிடம் போகிறோம் என்பதில்தான் பாதி வாழ்வு இருக்கிறது.

இனி மண்ணுக்கு வருவோம். நோயுற்ற குட்டியின் ஒரு கிராம் மலத்தில் நூறு கோடி வரை வைரஸ் இருக்கலாம். வெளியே கொழுப்புறை இல்லாத வைரஸ் என்பதால் சவர்க்காரமோ, கைக்குத் தடவும் அற்ககோலோ, மணக்க மணக்க ஊற்றும் பினாயிலோ அதை அசைப்பதில்லை. நிழலான ஈர மண்ணில் பல மாதம், சாதகமாக இருந்தால் ஒரு வருடத்துக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். வளவுகளை இணைக்கும் மாரி வெள்ளம் ஒரு வீட்டு மலத்தை மறுவீட்டுக்குக் கொண்டுபோகிறது. வெள்ளம் இல்லாத நாளில் அந்த வேலையைச் செருப்புகள் செய்கின்றன. வாசலைத் தாண்டாத குட்டிக்கும் பார்வோ வருவது இப்படித்தான். சீமெந்துத் தரையை நன்றாகக் கழுவிய பின், வீட்டுப் பாவனைக்கான வெளிற்றும் திரவத்தில் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டால் வைரஸ் சாகும். மண்ணில் அதை ஊற்றிப் பயனில்லை. மண்ணிலிருக்கும் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும்.

இதற்கெல்லாம் மேலாக இருப்பது தடுப்பூசி. அங்கேதான் நம்மூரில் இன்னொரு பெயர்ப்பிழை ஒளிந்திருக்கிறது. "ஊசி போட்டாச்சு" என்ற சொல். தெருமுனையில் மேசை போட்டு அரசாங்கம் இலவசமாகப் போடும் ஊசி விசர் நோய்க்கு மட்டும் உரியது. அந்த அட்டையைக் கண்ணாடி அலுமாரிக்குள் பத்திரப்படுத்திவிட்டு, "எங்கள் நாய்க்கு எல்லா ஊசியும் போட்டாகிவிட்டது" என்று நிம்மதியாக இருக்கும் வீடுகள் ஏராளம். பார்வோவுக்கும் டிஸ்டெம்பருக்கும் உள்ள கூட்டு ஊசி வேறு. அதற்குக் காசு கொடுத்துக் கால்நடை வைத்தியரிடம்தான் போக வேண்டும். அந்தக் காசு சிறிதல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் சேலைன் ஏற்றும் நாலு நாள் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

ஒன்றுக்கு மூன்று முறை ஏன் போட வேண்டும் என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள்; வைத்தியர் காசு பார்க்கிறார் என்றும் சொல்கிறார்கள். காரணம் தாய்ப்பாலில் இருக்கிறது. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலோடு தாயின் எதிர்ப்புப் பொருட்கள் குட்டிக்கு வந்து சேர்கின்றன. அவை நோயையும் தடுக்கும். தடுப்பூசியில் இருக்கும் வலுவிழந்த வைரஸையும் நோய் என்றே எண்ணி அழித்துவிடும். வாரங்கள் போகப் போக அவை குறைகின்றன. இடையில் ஒரு கெட்ட காலம் வருகிறது: தெருவிலிருக்கும் வைரஸைத் தடுக்கப் போதாத அளவு, ஆனால் ஊசி மருந்தைக் கெடுக்கப் போதுமான அளவு. அந்தக் காலம் எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் முடியும் என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஒரே வயிற்றில் பிறந்த குட்டிகளுக்குள்ளேயே, சீம்பாலை முட்டி மோதி நிறையக் குடித்தது ஒரு மாதிரி, ஓரத்தில் தள்ளப்பட்டது வேறு மாதிரி. ஆகவே ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் நிறையும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். எந்த ஊசி பிடிக்கும் என்று தெரியாததால் எல்லாக் கதவையும் தட்டுவது போன்ற வேலை. முதல் ஊசி போட்டுவிட்டு நிறுத்தியவர், கதவு திறக்கும் முன்பே திரும்பிப் போனவர்.

கடைசி ஊசிக்கு முன்பு குட்டியைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் படமெடுக்கும் ஆசையையும் கொஞ்சம் அடக்க வேண்டும். டச்சுக்குடா மணலில் அந்திக்கு எத்தனை நாய்கள் உலாவுகின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

டிஸ்டெம்பர் பார்வோவுக்கு நேர்மாறான வைரஸ். மனிதருக்கு வரும் சின்னமுத்து, மாடுகளுக்கு வந்த வெக்கை ஆகியவற்றின் குடும்பம். (வெக்கை 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது, இதற்கு அந்த நல்ல கதி இன்னும் வரவில்லை.) கொழுப்புறை உள்ள வைரஸ் ஆகையால் வெயிலும் சவர்க்காரமும் பட்டால் விரைவில் செத்துவிடும். மண்ணில் தங்காது, மூச்சிலும் மூக்குச் சளியிலும் நாயிலிருந்து நாய்க்குத் தாவும். முதலில் காய்ச்சல், பீளை கட்டிய கண், மூக்கொழுகல். பிறகு இருமல், வயிற்றோட்டம். இத்தோடு ஒரு பகுதி நாய்கள் தேறிவிட்டது போலக் காட்டும். வீட்டார் மகிழ்ந்துபோய்ச் சில வாரம் கழித்து, நாய் படுத்திருக்கும்போது அதன் நெற்றிப்பொட்டுச் சதை துடிப்பதைக் காண்பார்கள். நாடித் துடிப்பு போல, ஒரே தாளத்தில், தூக்கத்திலும் நிற்காமல். பின் கால் துடிக்கும். தாடை எதையோ மெல்வதுபோல் அசைந்து வாயில் நுரை தள்ளும். வைரஸ் மூளைக்குப் போய்விட்டது என்பதன் அடையாளம் அது. ஆபிரிக்காவின் செரெங்கெட்டியில் 1994இல் ஏறக்குறைய ஆயிரம் சிங்கங்கள் செத்தது இதே வைரஸால்தான்.

நுரை தள்ளித் தடுமாறும் நாயைக் கண்டால் நம்மூர் உடனே சொல்லும் சொல் விசர். சொன்ன கையோடு கல்லும் பொல்லும் வந்துவிடும். டிஸ்டெம்பர் மனிதருக்குத் தொற்றுவதில்லை. அடித்துக் கொல்லப்பட்ட அந்த நாய் பலவேளைகளில் யாருக்கும் கெடுதல் செய்யாத நோயாளி. ஆனால் வெறுங்கண்ணால் இரண்டையும் பிரித்தறியலாம் என்று எவரும் துணிய வேண்டாம். தடுப்பூசி போடாத நாய் நரம்புக் கோளாறோடு நின்றால், விசர் அல்ல என்று நிறுவும்வரை விசர் என்றே கொண்டு தள்ளி நிற்பதுதான் முறை. நான் குறைப்படுவது பயத்தைப் பற்றியல்ல. பயம் சரியான நாயிடம் வராததைப் பற்றி.

விசர் எப்போதும் வெறியோடு ஓடி வருவதில்லை. இன்னொரு வடிவம் உண்டு. நாய் மூலையில் ஒடுங்கும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், குரல் மாறும், விழுங்க முடியாது. பார்க்கப் பாவமாக இருக்கும். வீட்டுக்காரர் அதன் வாயைப் பிளந்து, எலும்பு சிக்கியிருக்கிறதா என்று விரல் விட்டுத் தேடுவார். விசர் வைரஸ் இருப்பது அந்த எச்சிலில். விரல் நகத்தோரக் கீறல் அதற்குப் போதும். நோய் தலைகாட்டிய பின் மனிதரைக் காப்பாற்றும் சிகிச்சை இன்றுவரை இல்லை என்றே சொல்ல வேண்டும். அதற்கு முன்பு காப்பாற்றுவது மிக எளிது: காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது, தாமதியாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போவது. மிளகாய்த்தூள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் காயத்தில் வேண்டாம். குட்டி நாய்தானே கடித்தது, கீறல்தானே என்று விடவும் வேண்டாம். பூனைக் கீறலும் கடியும்கூட இந்தக் கணக்கில் வரும். இலங்கையில் 1973இல் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். இன்று அது ஆண்டுக்குச் சில பத்துப் பேர் என்ற அளவுக்கு இறங்கியிருப்பது தெருமுனை மேசைகளாலும் ஆஸ்பத்திரி ஊசிகளாலும்தான். நாய்களைப் பிடித்துக் கொல்வதை நாடு 2006இல் நிறுத்தியது. அதன் பின்பும் சாவுகள் கூடவில்லை. ஒரு பகுதியில் பத்தில் ஏழு நாய்களுக்கு ஊசி போட்டிருந்தால் வைரஸ் தாவ நாயில்லாமல் அடங்குகிறது. கட்டாக்காலி நாய்க்கு ஊசி போடுவது வீண் செலவு என்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிப்பதில்லை.

பூனைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவையும் நம்மிடம் சுருக்கமாகத்தான் பழகுகின்றன. குட்டிப் பூனைகளின் கண் பீளையால் ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் பூனைகளின் தடிமன் வைரஸ்களால். கண்ணைக் கொதித்தாறிய நீரில் துடைத்து, சூடாக வைத்து, சாப்பிட வைத்து, நேரத்தோடு வைத்தியரிடம் காட்டினால் கண் தப்பும். கடுவன்கள் இரவில் கூரையில் நடத்தும் சண்டையில் கடிவாய் வழியாகப் பரவுவது, பூனையின் எதிர்ப்புச் சக்தியைத் தின்னும் ஒரு வைரஸ். 1986இல் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்டது. எயிட்ஸ் வைரஸின் உறவு என்பதால் பயப்படுவோர் உண்டு. அது மனிதருக்கு வராது. கடுவனுக்கு விதை நீக்கினால் சண்டையும் குறையும், கடியும் குறையும். காய்ச்சலாகக் கிடக்கும் பூனைக்கு மட்டும் இரக்கப்பட்டுப் பனடோல் (பாரசிட்டமோல்) கொடுத்துவிடாதீர்கள். அதை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்கு இல்லை. முகம் வீங்கி, முரசு கபில நிறமாகி, மூச்சுத் திணறிச் சாகும். ஒரு குளிசை போதும். இங்கே நஞ்சு வைத்தவர் யார் என்ற கேள்விக்கு விடை வேதனையானது.

புழுக்களுக்கு வந்தால் திருகோணமலைக்கு உலகப் பெயர் ஒன்றில் பங்கிருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். நாய், பூனை, மனிதர் மூவரின் குடலிலும் முழு வளர்ச்சி பெற்று வாழக்கூடிய கொக்கிப்புழு ஒன்றின் அறிவியல் பெயர் அன்சைலோஸ்டோமா சிலானிக்கம். சிலோன் என்ற பெயர்தான் அதில் இருக்கிறது. 1911இல் இந்தத் தீவின் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து எடுத்துத்தான் அதை முதலில் விவரித்தார்கள். தேயிலைக்கு மட்டுமல்ல, புழுவுக்கும் நம் பெயர்.

கொக்கிப்புழு எவ்வளவு குடிக்கும்? நாய்க் கொக்கிப்புழு ஒன்று நாளொன்றுக்கு 0.1 மில்லிலீட்டர் வரை இரத்தம் இழக்க வைக்கும். அற்பமாகத் தெரிகிறது. நூறு புழு என்றால் 10 மில்லிலீட்டர். ஒரு கிலோ நிறைக் குட்டியின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே ஏறக்குறைய 80, 90 மில்லிலீட்டர்தான். தார்போலக் கறுத்த மலம், எழும்ப மனமில்லாத குட்டி. உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது சீமெந்துச் சுவர்போல வெளிறியிருக்கும். இந்த நிலையில் "பூச்சிக்கு நல்லது" என்று உள்ளிப்பல் நசுக்கிக் கொடுப்பவர்களைக் கண்டிருக்கிறேன். உள்ளியும் வெங்காயமும் நாய் பூனைகளின் சிவப்பணுக்களை உடைப்பவை. புழு குடித்து மிஞ்சியதை மருந்து முடித்துவைக்கும்.

வட்டப்புழுவின் சூழ்ச்சி வேறு. தாய் நாயின் சதைக்குள் அதன் குடம்பிகள் வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். மலத்தைச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. நாய் சினைப்பட்டு ஆறு வாரம் ஆனதும் அவை விழித்துக்கொண்டு, நச்சுக்கொடி வழியாகக் குட்டிகளின் உடம்புக்குள் போகின்றன. அதாவது குட்டி கண் திறக்கும் முன்பே புழுவோடு பிறக்கிறது. மூன்று வாரத்தில் அதன் மலத்தில் முட்டை வரத் தொடங்குகிறது. பூனையில் இது பால் வழியாகப் போகும். நாயின் கொக்கிப்புழுவும் பால் வழியாகப் போகும். ஆகவே குட்டிக்கு இரண்டு வாரத்தில் முதல் பூச்சி மருந்து, பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை எட்டு வாரம்வரை, அதன் பின் ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை. குட்டிக்குக் கொடுக்கும்போது தாய்க்கும். நம் வழக்கம் என்ன? வயிறு உப்பி, நூடில்ஸ் சுருள்போலப் புழுக்களைச் சத்தி எடுத்த பிறகு, பிள்ளைகளுக்கு வாங்கிய பூச்சிக் குளிசையில் பாதியை உடைத்து ஒருமுறை வாய்க்குள் திணிப்பது. ஒற்றை முறை அந்தக் குளிசை நாய்ப் புழுவுக்குப் போதாது. சில வகைக் குளிசைகள் நாய் பூனைகளின் எலும்பு மச்சையைக் கெடுக்கவும் கூடும். பைரன்டெல், ஃபென்பெண்டசோல் என்று அவற்றுக்கென்றே மருந்துகள் உண்டு. குட்டியை நிறுத்துப் பார்த்து அளவு சொல்ல வைத்தியர் வேண்டும்.

மருந்து உள்ளிருக்கும் புழுவைத்தான் கொல்லும். மிச்சம் மண்ணில் இருக்கிறது. பெண் வட்டப்புழு நாளொன்றுக்கு ஒரு இலட்சத்துக்கும் மேல் முட்டையிடும். அவை மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். ஆனால் புதிதாக விழுந்த முட்டை தொற்றாது. பக்குவமாக இரண்டு முதல் நான்கு வாரம் வேண்டும். அன்றன்றே மலத்தை அள்ளிப் புதைத்தால் இந்தப் புழுவின் கதை பெருமளவு முடிந்தது. கொக்கிப்புழு அப்படி அவகாசம் தராது. வெப்பமும் ஈரமும் நிழலும் கிடைத்தால் ஒரு கிழமைக்குள் குடம்பி தயாராகி, தோலைத் துளைக்கக் காத்திருக்கும். வெயில் காயும் திறந்த மணலில் அது வாழாது. ஒரு வளவில் அதற்குப் பிடித்த இடம் எது என்று தேடினால், கிணற்றடியில் வழிந்த தண்ணீர் போய்ச் சேரும் வாழைப்பாத்தி. கச்சான் காற்றில் ஊரே வறண்டு கிடக்கும் ஆடி மாதத்திலும் அந்த இடம் குளிர்ந்திருக்கும். நாய் மதியத்தில் குழி தோண்டிப் படுப்பதும் அங்கேதான். பிள்ளைகள் வெறுங்காலோடு மண்சோறு ஆக்குவதும் அங்கேதான்.

கடற்கரையிலும் இதே கதை. நிலாவெளியில் வெயில் நேரத்து மணலைவிட, கரைவலை வாடிகளின் பின்னால், தென்னை நிழலில் ஈரம் விட்டுப்போகாத மணல்தான் கவனிக்க வேண்டியது. நாய் பூனைகளின் வேறொரு கொக்கிப்புழுவின் குடம்பி மனிதத் தோலுக்குள் நுழைந்தால் குடலுக்குப் போகும் வழி தெரியாமல் தோலுக்கடியிலேயே அலையும். பாதத்திலோ பிட்டத்திலோ சிவந்த, வளைந்து வளைந்து நீளும் ஒரு கோடு. நாளுக்கு நாள் சில மில்லிமீட்டர் முன்னேறும். இரவில் அரிப்புத் தூங்க விடாது. வலை பொத்த உட்காரும் தொழிலாளிக்கும், துவாயை விரித்துப் படுக்கும் வெள்ளைக்காரருக்கும் ஒரே கோடுதான். மண்ணெண்ணெய் தடவிச் சுட்டுக்கொள்ள வேண்டாம். வைத்தியர் தரும் மருந்தில் சில நாளில் அடங்கும். வட்டப்புழு முட்டை பிள்ளைகளின் வாய்க்குப் போனால் இதைவிடக் கொஞ்சம் பாரதூரம்: குடம்பி ஈரலுக்கோ, அரிதாகக் கண்ணுக்கோ போகலாம். சாப்பாட்டுக்கு முன் கை கழுவச் சொல்லும் பாட்டிமார் இதை அறியாமலே சரியாகச் சொன்னார்கள்.

நாயின் வாலடியில் அரிசிமணிபோல ஒட்டியிருந்து அசைபவை நாடாப்புழுவின் துண்டுகள். இவை தெள்ளு வழியாக வருகின்றன. நாய் தன் உடம்பைக் கடித்துத் தெள்ளை விழுங்கும்போது புழுவும் உள்ளே போகிறது. தெள்ளை ஒழிக்காமல் புழு மருந்து கொடுப்பது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கும் வேலை. ஆனால் நாய்க்கென்று விற்கும் தெள்ளு மருந்தைப் பூனைக்குத் தடவாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையை வலிப்பு வரச்செய்து கொல்லும்.

நுளம்பு கொண்டுவரும் புழுவும் ஒன்று உண்டு. டிரோஃபிலேரியா ரெப்பன்ஸ் என்று பெயர். நாயின் தோலுக்கடியில் வாழ்வது. நாய்க்குப் பெரிதாகத் தொந்தரவு கொடுப்பதில்லை. அந்த நாயைக் கடித்த நுளம்பு நம்மைக் கடித்தால், தோலில் ஒரு கட்டியாகவோ, கண்ணின் வெள்ளைப் படலத்துக்கடியில் நெளியும் வெள்ளை நூலாகவோ வெளிப்படும். மனிதரில் இந்தப் புழு அடிக்கடி காணப்படும் நாடுகளில் இலங்கையும் ஒன்று. நுளம்பு பரப்பும் புழுவால் வரும் யானைக்கால் நோய், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டது என்று உலகச் சுகாதார அமைப்பு 2016இல் நமக்குச் சான்று தந்தது. அந்தப் புழுவின் நாய் வீட்டு உறவினன் இன்னும் வளவிலேயே இருக்கிறான்.

அக்காவிடம் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. குட்டியை ஆழமாகப் புதைக்கச் சொன்னேன். சாக்கையும் கோப்பையையும் எரிக்கச் சொன்னேன். திண்ணையைக் கழுவி வெளிற்றும் திரவம் ஊற்றினோம். பக்கத்து வீட்டுக்காரரும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, தன் வீட்டில் மிச்சமிருந்த அரைப் போத்தலைத் தந்தார். யாரும் எதுவும் கதைக்கவில்லை. வேலி அப்படியேதான் இருக்கிறது.

இரண்டு கிழமை கழித்து அக்கா வந்தார். இனி எப்போது நாய்க்குட்டி வளர்க்கலாம் என்று கேட்டார். ஒரு வருடம் போகட்டும், இல்லாவிட்டால் எல்லா ஊசியும் போட்டு முடித்த வளர்ந்த நாயொன்றை எடுங்கள் என்றேன். முகம் விழுந்துவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் பூனைக்குட்டி எடுக்கிறேன் தம்பி, சாம்பல்தீவில் தங்கச்சி வீட்டில் நாலு கிடக்கிறது" என்றார்.

பூனைகளிலிருந்து பிரிந்த வைரஸ் நாய்களிடம் போன சில வருடத்தில் இன்னும் கொஞ்சம் உருமாறியது. அந்த உருமாறிய வகைகள்தான் இன்று எங்கும் இருக்கின்றன. அவற்றுக்குப் பூனைக்குள் திரும்பி நுழையும் வழியும் தெரியும். இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, குட்டிகளுக்கு எத்தனை வாரம் ஆகிறது என்று கேட்டேன். ஆறு என்றார். முதல் ஊசிக்குச் சரியான வயது. இன்னும் பத்து வாரம் அவை சாம்பல்தீவிலேயே இருக்கட்டும் என்றேன்.